நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மாடு

கவர் தாட்சாயணியின் மேசை டிராயரில்தான் இருந்தது. பூட்டிய பீரோவிலோ, கல்லூரி முதல்வர் அறையிலோ, கண்ணுக்கு எட்டாத வேறு எந்த இடத்திலோ இல்லை. நீளமான காக்கிக் கவர். வாயை ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் குறுக்காகப் பேராசிரியர் சுரேஷ்பாபு கையெழுத்துப் போட்டிருந்தார். பேனா எடுக்க டிராயரை இழுத்தால் கையில் தட்டும். ஆறு மாதமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான்.

உள்ளே இருந்தது ஒரு பட்டியல். தாட்சாயணி திருப்பதியில் கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது கன்று வீச்சு நோய். நோய் வந்த மாடு சினையாக இருந்தால் ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ கன்றைச் செத்துப் போடும். அந்தக் கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்ட மனிதனுக்கும் ஒட்டிக்கொள்ளும். நகரிக்கும் புத்தூருக்கும் இடையில் எட்டு ஊர்களில், தன் சொந்த ஊர் உட்பட, நூற்று அறுபது மாடுகளுக்கு மாசி மாதத்தில் இரத்தம் எடுத்தாள். எடுத்த குழாய்களில் இருந்த பெயர்களைக் கிழித்துவிட்டு லேப் உதவியாளர் வேணு எண்களை ஒட்டினார். எந்த எண் யார் வீட்டு மாடு என்ற பட்டியலை அவளுடைய வழிகாட்டி சுரேஷ்பாபு சார் கவரில் போட்டு ஒட்டி அவளிடமே கொடுத்தார். சோதிக்கிறவளுக்கு மாட்டின் சொந்தக்காரர் தெரிந்தால் கண் ஒரு பக்கம் சாயும் என்பதற்காகச் செய்கிற ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்.

பங்குனியில் சோதனை முடிந்தது. இருபத்தேழு மாடுகளுக்கு நோய் இருந்தது. எட்டு, பதினான்கு, முப்பத்தொன்று, நூற்றுப் பன்னிரண்டு என்று எல்லாம் வெறும் எண்கள். சோதனை முடிந்த பிறகு கவரைத் திறந்தால் எதுவும் கெட்டுப்போகாது. ஆனால் திறக்கவில்லை. அந்த ஊர்களில் பால் எடுக்கும் தனியார் கம்பெனி, தன் சென்டர்களில் இரத்தம் எடுக்க விட்டதற்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. ஆய்வேடு கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து, கட்டுரை வெளியாகும் வரை யார் பெயரும் வெளியே போகக் கூடாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் கவரைக் கிழியாமல் பார்க்க வேண்டும் என்று சார் சொல்லிவிட்டார். தாட்சாயணியும் தலையாட்டினாள். ஒழுங்காகப் படிக்கிற பெண் என்று பெயர் வாங்கியவள், தலையாட்டாமல் என்ன செய்வாள்.

அவளுடைய நைனா கன்னையாவுக்குத் தை கடைசியிலிருந்து காய்ச்சல். பத்து நாள் அடிக்கும், ஒரு வாரம் விடும், மறுபடி பிடிக்கும். சாயந்திரமானால் சட்டையைப் பிழிகிற அளவுக்கு வேர்வை. டைபாய்டு என்று இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் இடுப்பு வலி வந்தது. பக்கத்தில்தானே புத்தூர், எலும்பு கட்டுகிறவரிடம் கூட்டிப்போனாள் அம்மா. எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, இது என் வேலை இல்லை என்று அவர் திருப்பி அனுப்பினார். அத்தனை பேரில் உண்மை பேசினவர் அவர் ஒருவர்தான். தாட்சாயணி போனில், "மாத்திரைய நிறுத்தாதம்மா" என்று சொல்வாள். அதற்கு மேல் அவளுக்கு நேரம் இல்லை, இரண்டாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தாள்.

அந்த அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி இருந்தது: மனிதரில் இந்நோய் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மிகுந்த வியர்வை, கீழ் முதுகு வலி ஆகியவற்றை உண்டாக்கும். எழுதினவள் அவள்தான். எழுத்துப் பிழை கூடப் பார்த்துத் திருத்தினாள்.

ஊரில் கன்னையாவுக்குக் கைராசிக்காரர் என்று பேர். எந்த வீட்டில் மாடு கன்று போட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கன்றை இழுத்துப் போடுவார், நஞ்சுக்கொடி விழும் வரை உட்கார்ந்திருப்பார். பிறகு அதை வைக்கோலில் சுருட்டிக் கோணிப்பையில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்துக் கிளையில் தொங்கவிடுவார். ஆலமரத்தில் பால் வடிகிற மாதிரி மாட்டுக்கும் பால் சுரக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கன்று செத்து விழுந்தால் இன்னும் ஒரு கிளை மேலே ஏறிக் கட்டுவார், அடுத்த கன்றாவது தங்கட்டும் என்று. தை மாதத்தில் மட்டும் மூன்று மூட்டை அப்படிக் கட்டினார். எல்லாம் வெறுங்கைதான். வீட்டுக்கு வந்து அதே கையால் தன் செவலை மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்.

அந்தச் செவலையைச் சித்திரையில் விற்றுவிட்டார்கள். காய்ச்சல்காரரால் புல் அறுக்க முடியவில்லை. வாங்கினது இரண்டு வீடு தள்ளி இருக்கும் கன்னியம்மாள். புருஷன் இல்லாதவள், ஒற்றை ஆளாக இருந்து பால் ஊற்றிப் பிழைக்கிறவள். வருஷப் பிறப்புக்கு ஊருக்கு வந்திருந்த தாட்சாயணியைக் கூப்பிட்டு மாட்டைக் காட்டினாள். தாட்சாயணி மடியை அழுத்திப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், கையை விட்டுச் சினை பார்த்து இரண்டு மாதம் என்றாள். "கண்ண மூடிக்கினு வாங்கு அத்தை. நான் கேரண்டி" என்றாள். டாக்டர் பெண்ணே சொல்லிவிட்டாள் என்று கன்னியம்மாள் அன்றைக்கே கயிறு மாற்றினாள்.

ஆவணி மாதம் ஒரு காலை, ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுக்க இருபத்தைந்து நாள் இருக்கும்போது, அம்மா போன் செய்தாள்.

"தாட்சா, கன்னியம்மா வூட்ல நம்ம செவலை நேத்து கன்னு வீசிடிச்சு. ஏழாம் மாசம். உங்க நைனா ஜொரத்தோட போயி இழுத்துப் போட்டு, மரத்துல கட்டிட்டு வந்தாரு. வந்தவரு அப்புடியே வாசல்ல சாஞ்சுட்டாரு. எய்ந்து நிக்க முடியல. இன்னா பண்றதுன்னே தெரியலம்மா."

தாட்சாயணிக்கு முன்னால் திறந்து கிடந்த கணினித் திரையில் அந்த வரி இருந்தது. காய்ச்சல், வியர்வை, கீழ் முதுகு வலி. ஏழு மாதமாகப் போனில் அம்மா சொன்னதை அப்படியே யாரோ தட்டச்சு செய்து வைத்த மாதிரி இருந்தது. கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல வந்தது. அறைந்துகொள்ளவில்லை, "இப்பவே வண்டி புடிச்சு திருப்பதிக்குக் கூட்டினு வா" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் நைனாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. இரத்தம் எடுத்தார்கள், முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். நர்ஸைக் கெஞ்சி இன்னொரு சின்னக் குழாயில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தாட்சாயணி லேபுக்கு ஓடினாள். மாடுகளுக்குச் செய்த அதே சோதனைதான். சுழற்றித் தெளிந்து மேலே நின்ற நீரில் ஒரு சொட்டு, ரோஸ் நிற மருந்தில் ஒரு சொட்டு, வெள்ளைத் தட்டில் விட்டுக் குச்சியால் கலக்க வேண்டும். நாலு நிமிடம் தட்டை ஆட்ட வேண்டும். நூற்று அறுபது தடவை ஆட்டின கை, இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஆட்ட வேண்டி வரவில்லை. சொட்டு திரிந்த பால் மாதிரி பொரிப்பொரியாகப் பிரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற வேணு எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் மாடு?" என்றார்.

"எங்க நைனா" என்றாள் தாட்சாயணி.

தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சார் அறைக்குப் போனாள். சுரேஷ்பாபுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாணவர்களைத் தட்டிக்கொடுக்கத் தமிழ் பேசுவார், திட்டத் தெலுங்கு பேசுவார். முதலில் தமிழில்தான் ஆரம்பித்தார்.

"மனுஷ ரத்தமாம்மா? நம்ம லேப்லயா? யாரு பெர்மிஷன் குடுத்தாங்க?"

"தப்புதான் சார். எங்க நைனாவுக்கு வந்திருக்குது. கவரைத் திறக்கணும். எங்கெங்க நோய் இருக்குதுன்னு ஊருக்குப் போய்ச் சொல்லணும்."

"நைனாவ ஆஸ்பத்திரில பாத்துக்குவாங்க. நீ இருபத்தஞ்சு நாள் பொறு. தீசிஸ் குடு, வைவா முடி. அப்புறம் நானே கார் எடுத்துக்கிட்டு வரேன், ஊர் ஊராப் போய்ச் சொல்லலாம்."

"அதுக்குள்ள எத்தன மாடு கன்னு வீசும் சார்?"

"இத்தன நாளா வீசலையா?" என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

தாட்சாயணிக்கு, இந்த மனிதரிடமா இரண்டு வருஷம் குட் மார்னிங் சொன்னோம் என்று இருந்தது. "இத்தன நாளா தெரியாம வீசிச்சு சார். இப்ப நமக்குத் தெரியும்" என்றாள்.

"கம்பெனிக்காரன் நாளைக்கே எட்டு ஊர் பாலையும் நிறுத்திட்டான்னா? அவங்க வயித்துல நீதான் அடிக்கிற."

"பாலைக் காய்ச்சிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க. கம்பெனியில காய்ச்சித்தானே பாக்கெட்டு போடறாங்க. கன்னு போடும்போது கையில உறை மாட்டு, நஞ்ச மரத்துல கட்டாத, புதைச்சிடு, இந்த மாட்ட விக்காதன்னு சொல்றதுக்கு எதுக்கு சார் வைவா?"

அதோடு தமிழ் முடிந்தது. "நீக்கு தலகாய உந்தா?" என்று கத்தினார், உனக்குத் தலை இருக்கிறதா என்று. கம்பெனி அடுத்த ஆராய்ச்சிக்கும் பணம் தருவதாக இருக்கிறது என்பது அந்தக் கத்தலில் தானாகவே வெளியே வந்தது. கடைசியில் குரலை இறக்கி, கவர் கிழிந்து வந்தால் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன், இரண்டு வருஷமும் போயிற்று என்று வைத்துக்கொள், வேறு தலைப்பில் முதலிலிருந்து ஆரம்பி என்றார். தாட்சாயணி வெள்ளைத் தட்டை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

டிராயரை இழுத்தாள். கவர் வழக்கம்போலக் கையில் தட்டியது. ஓரமாகக் கிழித்திருக்கலாம், வேண்டுமென்றே கையெழுத்தின் நடுவில் விரலை விட்டுக் கிழித்தாள். அவள் ஊர்ப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். நோய் வந்த இருபத்தேழில் அவள் ஊரில் மட்டும் பதினொன்று. விரல் வைத்துக்கொண்டே இறங்கினாள். நூற்றுப் பன்னிரண்டு: செவலை, நாலு பல், கன்னையா வீடு.

அவள் நின்றபடியே மூன்று முறை படித்தாள். சித்திரையில் கன்னியம்மாள் வீட்டு வாசலில் மாட்டின் மடியை அழுத்திக்கொண்டிருந்தபோது, இந்தக் காகிதம் இந்த டிராயரில் இருந்தது. நோய் என்று அவளே குறித்து வைத்த நூற்றுப் பன்னிரண்டுக்குத்தான் அவள் வாயால் கேரண்டி கொடுத்திருந்தாள்.

மறுநாள் விடியும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நைனா தூங்கிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரிடம் முந்தின நாளே சொல்லியிருந்ததால் மருந்து ஆரம்பித்திருந்தார்கள். ஆறு வாரம் விடாமல் சாப்பிட வேண்டும், காய்ச்சல் போய்விடும், முதுகெலும்பில் இறங்கின வலி போகுமா என்று சொல்ல முடியாது, ஆரம்பத்திலேயே வந்திருக்கலாம் என்றிருந்தார் அவர். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு, வேணாங்கல. மத்தவங்க பேரச் சொல்லு. நம்ம மாட்ட வுட்டுடு. கன்னியம்மா மண்ண வாரித் தூத்துவா. நாளைக்கு அந்தத் தெருவுல நான் எப்புடி இருப்பேன்?"

"நீயும் எங்க சார் மாதிரியே பேசுற" என்று கையை உதறினாள் தாட்சாயணி.

உதறிவிட்டாளே தவிர, ஊர் ஊராக நிற்கும் பல்லெவெலுகு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அதே நினைப்பு வந்தது. பத்துப் பேரைப் படித்தால் போதும். பதினொன்று என்று யாருக்குத் தெரியும். செவலை கன்று வீசினது ஊருக்கே தெரிந்ததுதான், கன்னியம்மாளிடம் தனியாக, பட்டியலைக் காட்டாமல், மாட்டுக்கு நோய் இருக்கும் போலிருக்கிறது என்று மெதுவாகச் சொல்லலாம். புத்தூர் தாண்டும் வரை அதைத் திருப்பித் திருப்பி யோசித்தாள். யோசிக்க யோசிக்க, சார் மேல் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பித் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது. அதை அவளால் இறக்கிவிட முடியவில்லை.

பால் சென்டரில் இருபது, இருபத்தைந்து பேர் கேனோடு நின்றிருந்தார்கள். செயலாளர் ரமணா பாலை ஊற்றி அளந்துகொண்டிருந்தார். தாட்சாயணியைப் பார்த்ததும், "நைனாவுக்கு எப்புடிம்மா கீது?" என்று நாலு குரல் கேட்டது. கன்னியம்மாள் கேன் இல்லாமல் வந்திருந்தாள். கறவை நின்று போயிருந்தது. கன்னையாவைப் பற்றி விசாரிக்கத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

தாட்சாயணி சுற்றி வளைக்கவில்லை. நோயைப் பற்றிச் சொன்னாள், நைனாவுக்கு வந்திருப்பது அதுதான் என்றாள், பாலைப் பொங்கக் காய்ச்சினால் பயம் இல்லை என்றாள். பிறகு காகிதத்தைப் பிரித்தாள்.

"நம்ம ஊர்ல பதினொரு மாட்டுக்கு இருக்குது. மொத மாடு செவலை. எங்க வூட்டு மாடு. இப்ப கன்னியம்மா அத்தை வூட்ல கீது."

ரமணா அளப்பதை நிறுத்தினார். கன்னியம்மாள் காகிதத்தையும் அதோடு இருந்த கிழிந்த கவரையும் பார்த்தாள்.

"இத எப்ப எழுதினது?"

"மாசியில, அத்தை. நோய் எந்த நம்பருக்குன்னு பங்குனியில தெரிஞ்சிடிச்சு. எந்த நம்பர் யாரு மாடுன்றது இந்தக் கவருக்குள்ள இருந்துச்சு."

"கவரு ஆருகிட்ட இருந்துச்சு?"

"எங்கிட்டதான்."

"சித்திரையில எங்க வாசல்ல நின்னுக்கினு கேரண்டின்னியே. அப்பவும் உங்கிட்டதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு. திறக்கக் கூடாதுன்னு எங்க சாரு சொல்லிட்டாரு. கையெழுத்துப் போட்டு ஒட்டிட்டாரு. நேத்துகூடத் திறக்காதன்னுதான் சொன்னாரு. நான் அவரோட சண்ட போட்டுத்தான்..."

"உங்க சாரு ஆருன்னு எனக்குத் தெரியாது" என்றாள் கன்னியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அவுரு ஒண்ணும் கேரண்டி குடுக்கல."

தாட்சாயணி வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் மிச்சம் இல்லாமல் போயிற்று. சாரைப் பற்றி, கம்பெனியைப் பற்றி, போகப்போகிற இரண்டு வருஷத்தைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதில் ஒரு வார்த்தைகூட இந்த வாசலில் செல்லாது என்று தெரிந்துவிட்டது.

"மீதியப் படி" என்றாள் கன்னியம்மாள். "உங்க வூட்டோட நிறுத்திட்டா எப்புடி? அவுங்கவுங்களுக்குத் தெரிய வேணாமா?"

தாட்சாயணி படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு ஆள் அசைந்தார். ஒருத்தர் நம்பவில்லை, ஒருத்தர் திட்டினார், ஒரு பெண் கேனைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். பதினொன்றும் முடிந்தது. பையில் கொண்டுவந்திருந்த கையுறைகளை எடுத்துக் கொடுத்தாள். கன்று விழுந்தால் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று மறுபடி மறுபடி சொன்னாள். நடுவில் போன் இரண்டு தடவை அடித்தது. யார் என்று தெரியும், எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் கன்னியம்மாள் போகவில்லை. சென்டர் சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள்.

"முந்தா நேத்து கட்டுன நஞ்சு இன்னும் மரத்துலதான் தொங்குது. நாயிங்க சுத்திக்கினு கீது. கட்டுன கை ஆஸ்பத்திரில கீது. நீ வந்து எறக்கு."

இருவரும் ஏரிக்கரைக்கு நடந்தார்கள். கன்னியம்மாள் முன்னால் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. தாட்சாயணி கையுறை மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறினாள். நைனா எப்போதும் போடுகிற இரட்டை முடிச்சு. கையுறையோடு அவிழ்க்க வரவில்லை, கத்தியால் அறுத்து இறக்கினாள். அந்தக் கிளையிலும் பக்கத்துக் கிளைகளிலும் காய்ந்த பழைய மூட்டைகள் அதே முடிச்சோடு தொங்கின. அவற்றையும் ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டாள்.

பிறகு கன்னியம்மாள் கொடுத்த மண்வெட்டியை வாங்கிக் குழி வெட்டினாள். பழக்கம் விட்டுப் போன கை, பத்து நிமிடத்தில் கொப்புளித்தது. முழங்கால் ஆழம் வந்ததும் நிமிர்ந்து, போதுமா என்கிற மாதிரி பார்த்தாள்.

கன்னியம்மாள் குழியைப் பார்த்தாள், அவளைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஆழமாத் தோண்டு" என்றாள்.